என் பிக்கப் சரியில்லை

“ஸ்டார்ட்” என்றார் ஸ்டெல்லா.

நான் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற இன்ஜினுக்கு மறுபடி சாவி கொடுத்தால் வரும் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பல்லைக் கடிக்கிற மாதிரி கர்ரென்று ஒன்று. வண்டியில் இருந்த ஒன்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தினமும் ஏறியதும் தூங்கி, கம்பெனி வாசலில் மட்டும் கண் திறக்கிற வேலூர் குமரேசன்கூட, “என்னண்ணா, இடிச்சிட்டமா?” என்று கேட்டார்.

“தாஸண்ணா, நான் ஸ்டார்ட் சொன்னது ஸ்டாப்வாட்ச்சுக்கு. நீங்க எப்பவும் எடுக்கிற மாதிரி எடுங்க, போதும்” என்றார் ஸ்டெல்லா. தினமும் என் வண்டியில் வேலைக்குப் போகிற அவர், அன்று என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கைபேசியின் கேமராவை என் ஸ்பீடாமீட்டருக்கு நேராகப் பிடித்திருந்தார்.

ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்பவும் போல வண்டி எடுப்பது எப்படி? கல்யாண போட்டோவில் இயல்பாகச் சிரிக்கச் சொன்னபோது எனக்கு என்ன ஆனதோ அதுதான் கால்களுக்கும் ஆனது. இரண்டு முறை வண்டி அணைந்தது. மூன்றாம் முறைதான் ஹோசா ரோடு நிறுத்தத்திலிருந்து புறப்பட்டோம்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை அது. காலை வெயில் கண்ணாடியில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. யாரோ டிபன் டப்பாவைத் திறந்திருந்தார்கள்; வண்டிக்குள் எலுமிச்சை சாத வாசனை. என் டிரைவர் சீட் எனக்கே இருக்குமா, இல்லையா என்பது அந்த வார சனிக்கிழமை தெரிந்துவிடும் என்ற நிலைமை.

அந்த நிலைமைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் இந்த வாரக் கதை. பெருமைப்பட ஒன்றுமில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சரி என்கிற வியாதி

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எது சொன்னாலும் புரியாவிட்டால் “சரி” என்பேன். திருப்பிக் கேட்கக் கூச்சம். ஒருமுறை கேட்டுப் புரியாமல் இரண்டாம் முறை கேட்பதற்குள் வாய் இன்னொரு சரி சொல்லிவிடும்.

பெங்களூரில் எங்கள் விவேக் நகரில் ஒரு சலூன். அதில் வெட்டுகிறவர் ஊருக்குப் போயிருந்தபோது புதிதாக ஒருவர் நின்றார். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வேகமான தக்னி உருதுவில் என்னவோ கேட்டார். சரி என்றேன். மீசை போய்விட்டது. இருபத்திரண்டு வயதிலிருந்து வைத்திருந்த மீசை. வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த என் மனைவி பிலோமினா ஒரு கணம் பார்த்துவிட்டு, “அவர் இன்னும் வரலீங்களே” என்றாள். குரலைக் கேட்ட பிறகுதான் உள்ளே விட்டாள்.

இப்படிப்பட்ட ஆள் வாராவாரம் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று, போன வாரத்து லைசென்ஸ் கதையைப் படித்த ஒரு வாசகர் கேட்டிருந்தார். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, ஐயா. அதுதான் காரணம்.

கறுப்புப் பெட்டி வந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஓட்டுவது பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர். விவேக் நகரில் முதல் ஆளை ஏற்றி, ஆடுகோடி, மடிவாளா, பொம்மனஹள்ளி என்று வழியெல்லாம் ஏற்றிக்கொண்டு, ஹெப்பகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் எல்லோரையும் இறக்க வேண்டும். சாயங்காலம் அதே படம் பின்னோக்கி ஓடும். வண்டிகள் ஒரு காண்டிராக்ட்காரருடையவை. அவருக்குப் பதினாலு வண்டி, பதினாலு டிரைவர். எங்களை மேய்க்கிறவர் மஞ்சுநாத் சார். கன்னடக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார், நடுநடுவே அவர் பாஷையும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் எல்லா வண்டியிலும் டாஷ்போர்டுக்குக் கீழே சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைத் திருகிவிட்டுப் போனார்கள். வண்டி எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். வாரக் கடைசியில் ஒவ்வொரு டிரைவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வட்டம் வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு.

முதல் வாரம் எனக்குச் சிவப்பு வந்தது. அழகான நிறம். எல்லா டிரைவருக்கும் அதுதான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மஞ்சுநாத் சார் கூப்பிட்டார்.

“தாஸ், உங்க பிக்கப் சரியில்ல ரீ. ஸ்வல்ப நோடிக்கொள்ளி, கொஞ்சம் பாத்துக்கோங்க. மூணு தடவ ரெட் வந்தா ரூட் கிடையாது. ஸ்பேர்ல போட்ருவாங்க. ஆமேல நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

ஸ்பேர் என்றால் யார் லீவோ அவர் வண்டியை ஓட்டுவது. இன்று ஒரு ரூட், நாளை ஒரு ரூட். வேலை வராத நாளில் ஷெட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வருமானம் குறையும் என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய பயம், தினமும் புது ஆட்களிடம் “எங்க இறங்கணும்?” என்று கேட்க வேண்டுமே என்பதுதான். என் ஒன்பது பேருக்கு நான் பேச மாட்டேன் என்று தெரியும். கண்ணாடியில் பார்த்தால் போதும், கதவைச் சாத்துவார்கள். அப்படி ஒரு வண்டியை உருவாக்க எனக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

“சரி சார்” என்றேன்.

இரண்டு பிக்கப்

எங்கள் தொழிலில் நாள் முழுக்கப் புழங்குவது இரண்டே வார்த்தை. பிக்கப், டிராப். ஆளை ஏற்றுவது, ஆளை இறக்குவது. காலையில் பிக்கப் எத்தனை மணிக்கு, மடிவாளா பிக்கப் ஆச்சா, பிக்கப் லேட் பண்ணாதே. இப்படியே கேட்டுக் கேட்டு இருக்கிறவனிடம் வந்து உன் பிக்கப் சரியில்லை என்றால் அவன் என்ன நினைப்பான்? ஆள் ஏற்றுவதில் ஏதோ தாமதம் என்றுதான் நினைப்பான். நினைத்தேன்.

அதே வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது டிரைவரான எனக்கு நன்றாகத் தெரியும். வண்டி நின்ற இடத்திலிருந்து எவ்வளவு சுறுசுறுப்பாக வேகம் எடுக்கிறது என்பதற்கும் பிக்கப் என்றுதான் பெயர். மெக்கானிக்கிடம் போய் “பிக்கப் இல்ல பாய், பாருங்க” என்று நானே நூறு தடவை சொல்லியிருப்பேன். அப்போது அது வண்டியின் குறை. இங்கே மஞ்சுநாத் சார் “உங்க பிக்கப்” என்றாரே? வண்டியுடையது என்றால் வண்டியுடையது என்று சொல்லியிருப்பார் அல்லவா? என் மூளை இந்த இடத்தில் வக்கீலாக மாறிவிட்டது.

அதனால் நான் பிக்கப்பைச் சரிசெய்தேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து நிமிஷம் முன்னால் போய் நின்றேன். அப்படிப் போவதற்கு ஒரே வழிதான் உண்டு. ஆள் ஏறிக் கால் உள்ளே வந்ததும் வண்டியை விருட்டென்று எடுப்பது. அந்த வாரம் என் வண்டியில் யாரும் நின்றபடி கதவைச் சாத்தவில்லை. விழுந்தபடி சாத்தினார்கள். ஸ்டெல்லாவின் ஃபிளாஸ்கிலிருந்து காபி எழுந்து வந்து அவர் மடியிலேயே உட்கார்ந்தது.

“என்னண்ணா இன்னிக்கு, வீட்ல சண்டையா?” என்று கேட்டார், துடைத்துக்கொண்டே.

பதிலுக்குக் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் இறங்கும்போது, “அக்காவுக்குப் பூ வாங்கிட்டுப் போங்க, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டு போனேன். பிலோமினா பூவைப் பார்த்து, “என்ன தப்பு பண்ணீங்க?” என்றாள்.

இரண்டாவது வாரமும் சிவப்பு. முதல் வாரத்தில் சிவப்பு வட்டத்துக்குக் கீழே சிறியதாக ஒரு எண் இருந்தது. இப்போது அந்த எண் இரண்டு மடங்காகியிருந்தது.

மஞ்சுநாத் சார் இந்த முறை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை.

“ஏன் தாஸ், நான் சொன்னதுக்கப்புறம் இன்னும் ஜாஸ்தி ஆயிருக்கு?”

“மன்னிச்சுக்கோங்க சார். இந்த வாரம் இன்னும் சீக்கிரம் எடுத்துடறேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இன்னும் சீக்கிரமா?”

“ஆமா சார். இன்னும் அஞ்சு நிமிஷம் பிடிச்சிடலாம்.”

“தமாஷ் மாடுதீரா?” என்றார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் வராது. மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் திணித்து, வாசலைக் காட்டினார். இந்த வாரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆள் ஓட்டுவார் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல், சரி சார் என்றேன்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மறுநாள் காலை ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். நீட்டினேன் என்பது பெரிய வார்த்தை. அவர் சீட்டில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். செய்து முடித்த சாமான்களை அளந்து பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. எதைக் கொடுத்தாலும் முதலில் எண்களைத்தான் படிப்பார்.

“ஹார்ஷ் ஆக்சிலரேஷன்னு போட்ருக்கு. வண்டிய ரொம்ப முரட்டுத்தனமா எடுக்கறீங்களாம். லிமிட் ரெண்டு. அதுக்கு மேல போனா ஒரு ரெட் புள்ளி” என்றார். பிறகு தலையை நிமிர்த்தி, “பிக்கப்ணா இது. வண்டியோட பிக்கப்” என்றார்.

சில்க் போர்டு சிக்னலில் நின்றிருந்தோம். சிக்னல் பச்சையாகியும் நான் எடுக்கவில்லை. பின்னால் முழு ஓசூர் ரோடும் ஹாரன் அடித்தது.

முப்பத்தைந்து மார்க் விஞ்ஞானம்

ஆக்சிலரேஷனுக்குத் தமிழ் எனக்குத் தெரியும். முடுக்கம். நான் தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். விஞ்ஞானத்தில் முப்பத்தைந்து மார்க். முப்பத்துநாலு எடுத்திருந்தால் ஃபெயில். அந்த ஒரு மார்க்கை யாரோ புண்ணியவான் போட்டிருக்கிறார்.

வகுப்பில் சார் என்னை எழுப்பி, முடுக்கம் என்றால் என்ன என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது என்றேன். எங்கள் வீட்டுக் கடிகாரத்தை முடுக்குவது என் வேலை, அதனால். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் வாய் திறந்ததாக நினைவில்லை. ஆனால் சூத்திரத்தை நூறு முறை எழுதச் சொன்னார் பாருங்கள், அது மட்டும் போகவில்லை. இறுதி வேகத்திலிருந்து தொடக்க வேகத்தைக் கழி. ஆன நேரத்தால் வகு. சராசரி முடுக்கம் கிடைக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிலோமினா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்ன எழுதறீங்க?”

“கணக்கு.”

“யாருக்குக் கொடுக்கணும்?”

“யாருக்கும் இல்ல. வண்டிக்கு.”

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

நின்ற வண்டி, எனவே தொடக்க வேகம் பூஜ்யம். நிறுத்தத்திலிருந்து எடுத்தால் முப்பத்தாறு கிலோமீட்டர் வேகம் வர எட்டு விநாடி ஆகிறது. காலையிலேயே மனதுக்குள் எண்ணி வைத்திருந்தேன். முப்பத்தாறை எட்டால் வகுத்தேன். நாலரை.

லிமிட் இரண்டு. நான் நாலரை. லிமிட்டை விட இரண்டு மடங்குக்கும் மேல். இத்தனை வருஷமாக ஒன்பது பேரை வைத்துக்கொண்டு நான் ராக்கெட் ஓட்டியிருக்கிறேன். குமரேசன் தூங்குகிறார் என்று நினைத்தேனே, மயங்கிக் கிடந்திருப்பாரோ?

இரண்டுக்குள் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? முப்பத்தாறை இருபதால் வகுத்தால் ஒன்று புள்ளி எட்டு. அப்படியானால் முப்பத்தாறு வேகம் வர இருபது விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். எளிது.

எளிதில்லை. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது விநாடி சும்மா உட்கார்ந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் உதட்டுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே புறப்பட்டேன். பொம்மனஹள்ளியில் ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, “அங்கிள், முட்டை லோடா?” என்றார். இன்னொருவர் என் வண்டியைத் தள்ள வேண்டுமா என்று உண்மையிலேயே இறங்கி வந்து கேட்டார். அவருக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரைக் கூட்டிவந்து தள்ளிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வட்டம் பச்சையாக வந்தது. திங்களும் செவ்வாயும் பெட்டிக்கு நெட்வொர்க் கிடைக்கவில்லையாம், அந்தப் புள்ளிகள் கணக்கில் சேரவில்லை. பிலோமினாவிடம் காட்டினேன். அவள் என் கைபேசியை வாங்கி, வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “சிக்னல் மாதிரி இருக்கு” என்றாள். அன்று மீன் குழம்பு வைத்தாள்.

ஆனால் அந்த மூன்று நாளும் என் ஒன்பது பேரும் வேலைக்குத் தாமதமாகப் போயிருந்தார்கள். வேலைக்கு வந்த நேரத்தைப் பதிகிற பஞ்ச் மெஷின் யார் முகத்தையும் பார்க்காது. ஸ்டெல்லா வாயே திறக்கவில்லை. வேறு யாரோ புகார் எழுதிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மஞ்சுநாத் சார் சொன்னார்: “தாஸ், உங்க பிக்கப் ரொம்ப ஸ்லோ.”

இந்த முறை எனக்குப் பிக்கப் என்றால் என்னவென்று தெரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஆமா சார். நான்தான் கணக்கு போட்டு ஸ்லோ பண்ணினேன்” என்றேன்.

அவர் முகம் போன போக்கை வைத்துத்தான், இது அந்தப் பிக்கப் இல்லை, முதல் பிக்கப் என்று புரிந்துகொண்டேன். லேட் புகாரும் ஒரு சிவப்புக்குச் சமம் என்றார். இருந்தாலும் இதுவரை வந்ததை இரண்டாகவே வைத்துக்கொள்கிறேன்; இந்த வாரம் சிவப்பும் வரக்கூடாது, லேட்டும் வரக்கூடாது; எது வந்தாலும் மூன்றாவது அதுதான், சனிக்கிழமை சாவியோடு வாருங்கள் என்றார்.

ஸ்டெல்லா என் நோட்டைப் பார்த்தது

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லாவின் சீட்டில் என் நோட்டை வைத்தேன். அவர் படித்தார். அடுத்த நிறுத்தம் வரை அவர் தோள் குலுங்கியது.

“தாஸண்ணா, முப்பத்தாறு என்னது?”

“ஸ்பீடு.”

“முப்பத்தாறு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு. நீங்க வகுத்தது செகண்டால. லிமிட் ரெண்டுன்னு போட்டிருக்கிறது மீட்டர்ல. மூணும் மூணு ஊர்ல இருக்கு. ஒரே ஊருக்குக் கூட்டிட்டு வந்துதான் கணக்கு போடணும்.”

நோட்டிலேயே எழுதிக் காட்டினார். முப்பத்தாறு கிலோமீட்டர் என்றால் முப்பத்தாறாயிரம் மீட்டர். ஒரு மணி நேரத்தில் மூவாயிரத்து அறுநூறு விநாடி. அதை இதால் வகுத்தால் விநாடிக்குப் பத்து மீட்டர். பத்தை எட்டால் வகுத்தால் ஒன்றே கால்.

ஒன்றே கால். லிமிட் இரண்டு. நான் குற்றமே செய்யவில்லை. செய்யாத குற்றத்துக்கு மூன்று நாள் ஆமையாக ஓட்டி, ஒன்பது பேரின் பஞ்ச்சைக் கெடுத்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லா வண்டியும் முதலிலேயே விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் ஓடும். ஸ்பீடாமீட்டர் வேறு பாஷை பேசும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், அந்த ஒரு மார்க்கில் இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பழையபடி ஓட்டினேன். நிரபராதி ஓட்டுவது போல. இரவு கைபேசியில் பார்த்தால் பெட்டியின் கணக்கில் பதினோரு சிவப்புப் புள்ளி.

“அப்போ பெட்டிதான் தப்பு. பார்த்துடலாம் நாளைக்கு” என்று ஸ்டெல்லா செய்தி அனுப்பினார்.

ஆரம்பத்தில் சொன்ன புதன்கிழமை அதுதான். கேமராவில் பிடித்ததை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு விநாடிக்கும் முள் எங்கே இருந்தது என்று எழுதினார். முதல் விநாடி முடிவில் ஒன்பது. இரண்டாவது முடிவில் பதினெட்டு. அதற்குப் பிறகு முள் சாவகாசமாக ஏறுகிறது. ஆறு விநாடி எடுத்துக்கொண்டு முப்பத்தாறுக்குப் போகிறது.

முதல் இரண்டு விநாடியை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டார். பதினெட்டு கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஐந்து மீட்டர். இரண்டால் வகுத்தால் இரண்டரை.

“பெட்டி ஒவ்வொரு செகண்டையும் பார்க்குது. நாம எட்டு செகண்டையும் சேர்த்துப் பார்த்தோம். சேர்த்துப் பார்த்தா நீங்க சரி. பிரிச்சுப் பார்த்தா முதல் ரெண்டு செகண்ட் முரடு” என்றார்.

நான் என் வலது காலைப் பார்த்தேன். அதற்கு விஷயம் தெரிந்திருந்தது போல இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு பேக்கரியின் பிரெட் வேன் ஓட்டினேன். நிறுத்தினால் அணைந்துவிடும், அணைந்தால் தள்ள வேண்டும். தள்ள ஆள் கூப்பிட வேண்டும். ஆள் கூப்பிடக் கூச்சம். அதனால் கிளட்சை விட்ட அந்தக் கணத்திலேயே ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்துவிடுவேன். அந்த வேன் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. என் காலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

தாளின் இரண்டாம் பக்கம்

வியாழனும் வெள்ளியும் முதல் இரண்டு விநாடியை மட்டும் மெதுவாக எடுத்தேன். லேட்டும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனால் செவ்வாய், புதன் புள்ளிகளே ஒரு வாரத்துக்குப் போதுமானவை. சனிக்கிழமை வட்டம் சிவப்பு.

ஸ்டெல்லா இரண்டு பக்கம் எழுதி, பின் போட்டுக் கொடுத்திருந்தார். முதல் பக்கத்தில் ஒன்றே கால். இரண்டாம் பக்கத்தில் இரண்டரை. “எந்தப் பக்கத்தக் காட்டறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கண்ணா” என்று மட்டும் சொன்னார்.

வண்டிச் சாவியை மேஜையில் வைத்தேன். தாளையும் வைத்தேன். மஞ்சுநாத் சார் முதல் பக்கத்தைப் படித்தார். உதடு அசைந்தது. மூன்று தடவை அசைந்தது.

“ஒன் பாயிண்ட் டூ ஃபைவ். லிமிட் எரடு. அப்ப மிஷின் தப்பு, அல்வா? அப்படித்தானே?”

கைபேசியை எடுத்து, பெட்டி மாட்டின ஆட்களின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். சாவியை என் பக்கமாக விரலால் தள்ளினார். எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம்.

என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பேசிக்கொண்டே தாளின் மூலையைக் கட்டை விரலால் புரட்டிப் புரட்டி விட்டுக்கொண்டிருந்தார். எந்த நேரமும் அடுத்த பக்கம் திரும்பிவிடும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

“பின்னாடி இன்னொரு பக்கம் இருக்கு சார்” என்றேன்.

அதற்குப் பிறகு பேசினேன். முதல் இரண்டு விநாடி, பிரெட் வேன், என் கால் எல்லாவற்றையும். என் கல்யாணத்தில் ஃபாதர் கேட்ட கேள்விகளுக்குக்கூட நான் அவ்வளவு நீளமாகப் பதில் சொன்னதில்லை. மஞ்சுநாத் சார் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப ஆவரேஜ்ல நீங்க நல்லவர். முதல் ரெண்டு செகண்ட்ல கெட்டவர்.”

“ஆமா சார்.”

“பதினாலு பேர்ல ஒம்பது பேருக்கு ரெட் வருது. ஏன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்கும் கொத்தில்ல. மேல கேட்டா என்ன சொல்றதுன்னு நானே தலய பிச்சிட்டிருக்கேன்.” மேஜையிலிருந்த பதிவேட்டை இழுத்தார். “அடுத்த சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிடறேன். இதே மாதிரி நின்னு சொல்லுங்க. சொன்னா இந்த ரெட்ட நான் எழுதல. சொல்லலைன்னா எழுதறேன். ஸ்பேர்.”

“சரி சார்” என்று வாய் சொல்லிவிட்டது.

பதினாலு டிரைவர்கள்

அந்த வாரம் எப்படிப் போனது என்று எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. பிலோமினாவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். அவள் ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிட்டாள். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஷெட்டில் பதின்மூன்று பேர் டயர்களிலும் ஸ்டூல்களிலும் உட்கார்ந்திருந்தார்கள். டீசல் வாடை, டீ வாடை. ஒரு பக்கத் தகரத்தில் எழுத எனக்கு ஒரு சாக்குக்கட்டி. நான் நின்றேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூடினேன். மறுபடி திறந்தேன். தொடக்க வேகம் பூஜ்யம், இறுதி வேகம் பூஜ்யம், நேரம் எப்படியும் ஒரு நிமிஷம் இருக்கும். சராசரியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சுநாத் சார் மடியில் பதிவேடு திறந்திருந்தது. பேனா மூடி கழன்றிருந்தது.

“தாஸ் பாய், கியர் விழலியா?” என்றார் பாஷா பாய். எங்களில் மூத்தவர், சந்தாபுரா ரூட். எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பி, தகரத்தில் முப்பத்தாறு என்று எழுதினேன். அவர்கள் முகம் தெரியாதபோது குரல் வந்தது. மொத்தக் கணக்கையும் தகரத்துக்குத்தான் சொன்னேன். “கேக்கல” என்று பின்னாலிருந்து குரல் வந்தபோதெல்லாம் தகரத்திடம் உரக்கச் சொன்னேன்.

முடித்துவிட்டுத் திரும்பினால் நான்கு பேர் கையில் பேனா இருந்தது. பாஷா பாய் கையைத் தூக்கியிருந்தார்.

“எல்லாம் சரி பாய். கடைசியில மீட்டர் பை செகண்ட் பை செகண்ட்னு சொன்னியே. அது ஏன் செகண்ட் ரெண்டு தபா வருது? ஒரு தபா போதாதா?”

எனக்குத் தெரியவில்லை. நூறு முறை எழுதியபோதும் அப்படித்தான் எழுதினேன். ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி அது.

“தெரியல பாய். கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பாஷா பாய், “கேட்டுச் சொல்லு, எனக்கும் தூக்கம் வராது” என்றார். மஞ்சுநாத் சார் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, பதிவேட்டைச் சாத்தினார்.

திங்கட்கிழமை காலை. ஆடுகோடி தாண்டியதும் நான் தொண்டையைச் செருமினேன். ஆறு வருஷத்தில் அந்த வண்டியில் நானாகத் தொடங்கிய பேச்சு அதுதான்.

“ஸ்டெல்லாம்மா, ஒண்ணு கேக்கணும்.”

அவர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். கேட்டேன். “அதுவாண்ணா, ஈஸி” என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றார். மறுபடி ஆரம்பித்தார். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குமரேசன், “ஒவ்வொரு செகண்டுக்கும் ஸ்பீடு எவ்ளோ ஏறுதுங்கறது ஒரு செகண்ட். அந்த ஸ்பீடுக்குள்ளயே ஏற்கெனவே ஒரு செகண்ட் இருக்குல்ல” என்றார், கண்ணைத் திறக்காமலே. அப்படி இல்லை என்றார் இன்னொருவர். அப்படித்தான் என்றார் மடிவாளாவில் ஏறினவர். நோட்டு கை மாறியது. பேனா கேட்டார்கள். யாரோ சப்பாத்தி டப்பா மூடியில் வண்டி வரைந்தார்கள்.

தொழிற்சாலை வாசல் வந்தது. நிறுத்தினேன். கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன்; ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பஞ்ச்சுக்கு நாலு நிமிஷம் இருந்தது.

“ஏம்ப்பா, இறங்குங்க எல்லாரும். லேட் ஆகுது” என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.